ஆறு எந்தப் பக்கம் போகும்? கற்பனை நாட்டுக்கு வரைபடம் போடும் முறை

கற்பனை நாடு ஒன்றுக்கு வரைபடம் போட உட்கார்ந்ததும் கை முதலில் போவது எல்லைக்கோட்டுக்குத்தான். எல்லை முடிந்ததும் நடுவில் தலைநகரத்துக்கு ஒரு நட்சத்திரம், அதற்குக் கம்பீரமாக ஒரு பெயர். மிச்ச இடத்தை நிரப்ப ஒரு மூலையில் மலை, இன்னொரு மூலையில் காடு. கடைசியில், எல்லா ஊரையும் தொட்டுக்கொண்டு போகும்படி ஓர் ஆறு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்தால் அந்த ஆறு மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்குவது தெரியும். அதன் பிறகு அந்த நாட்டை யாரும் நம்ப மாட்டார்கள்.

வரிசையைத் திருப்பிப் போட்டால் இந்தச் சிக்கலே வராது. காற்று, மலை, மழை, ஆறு, ஊர், சாலை, எல்லை, பெயர். இந்த வரிசையில் போனால் முன்னது பின்னதை முடிவு செய்துவிடும். நீங்கள் யோசித்துத் திணிக்க வேண்டியது பாதியாகக் குறையும்.

முதல் வரைபடத்துக்குத் தீவு நாடே நல்லது. பக்கத்து நாட்டிலிருந்து வரும் ஆறு கிடையாது, எல்லைத் தகராறு கிடையாது, தாளின் ஓரத்தில் பாதியில் அறுந்துபோகும் மலை கிடையாது. இங்கே ‘நீலாரம்’ என்ற தீவை எடுத்துக்கொண்டு தாளிலிருந்து கொடி வரை போவோம்.

கைக்கு வேண்டியவை

ஏ3 அளவில் கார்ட்ரிட்ஜ் தாள் இரண்டு, 180 முதல் 200 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் எண்). ஒன்று எப்படியும் கெட்டுப்போகும். அதே அளவில் டிரேசிங் தாள் மூன்று. 2எச், எச்பி பென்சில்கள். 0.1, 0.3, 0.5 என்று எண் போட்ட வரைபேனாக்கள். மை தண்ணீரில் கரையாத நிறமி மையா என்று மூடியில் பார்த்து வாங்குங்கள். ரப்பர், 30 செ.மீ. அளவுகோல், ஒரு முழம் தையல் நூல். வண்ணம் அடிப்பதாக இருந்தால் வண்ணப் பென்சில் போதும். வாட்டர்கலர் பூசும் எண்ணம் இருந்தால் தாள் 300 ஜிஎஸ்எம் ஆக வேண்டும். மெல்லிய தாள் ஈரத்தில் அப்பளம் போல நெளிந்துவிடும், பிறகு எத்தனை புத்தகத்தை அடுக்கினாலும் நிமிராது.

பள்ளிக்கூடச் சார்ட் தாளைத் தவிர்த்துவிடுங்கள். அதன் மேல்பரப்பு வழவழப்பாக இருப்பதால் மை காயாமல் நின்று, உள்ளங்கை பட்டதும் இழுத்துக்கொள்ளும். பால்பாயிண்ட் பேனாவும் வேண்டாம். அது தாளில் பள்ளம் விடும், வளைவில் மை திட்டாகத் தங்கும்.

அளவை முதலில், கோடு பிறகு

தாளை நெடுக்குவாட்டில் வையுங்கள். நான்கு பக்கமும் 1.5 செ.மீ. ஓரம் விட்டால் உள்ளே 26.7 க்கு 39 செ.மீ. கிடைக்கும். இதில் தீவுக்கு 18 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் கொடுத்தால் தலைப்புக்கும் குறிவிளக்கத்துக்கும் தாராளமாக இடம் மிஞ்சும்.

இப்போது 1 செ.மீ. = 10 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 1:10,00,000. இந்த அளவையில் ஒரு பெரிய வசதி, 1 மில்லிமீட்டர் சரியாக 1 கிலோமீட்டர். எந்தக் கணக்கும் மனதிலேயே போட்டுவிடலாம். நீலாரம் வடக்கு தெற்காக 300 கி.மீ., கிழக்கு மேற்காக அதிகபட்சம் 180 கி.மீ. பரப்பை அறிய தாளில் லேசாக 1 செ.மீ. கட்டங்கள் போட்டு எண்ணுங்கள். பாதிக்கு மேல் நிலம் உள்ள கட்டத்தை முழுசாக எடுங்கள், குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு கட்டம் 100 சதுர கி.மீ. முட்டை வடிவத் தீவானால் சுமார் 420 கட்டம் வரும்: 42,000 சதுர கி.மீ. கேரளம் 38,863 சதுர கி.மீ. என்பதால் அதைவிடச் சற்றுப் பெரிய நாடு என்று சட்டென்று பிடிபடும். இப்படித் தெரிந்த நிலத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளாவிட்டால், மாவட்டத்து அளவு நாட்டில் ஏழு பேரரசுகளைத் திணித்துவிடுவீர்கள். நடப்பதுதான்.

இன்னொன்றும் இப்போதே மனதில் இருக்கட்டும். நீங்கள் 0.5 மி.மீ. தடிமனில் ஒரு சாலை போட்டால் கணக்குப்படி அது அரைக் கிலோமீட்டர் அகலச் சாலை. ஆகவே சாலை, ஆறு, ஊர் எல்லாம் வெறும் குறியீடுகள். அவற்றின் அகலத்தை அளவையில் வரைய முயல வேண்டாம். தூரம் மட்டும் அளவைக்கு உட்பட்டது. ஒரு நாள் நடைப்பயணம் 30 கி.மீ. என்றால் 3 செ.மீ. பாரம் ஏற்றிய மாட்டுவண்டிக்கு 2 முதல் 2.5 செ.மீ.

கரை

மேசையில் தாளை விரித்து இரண்டு கைப்பிடி அரிசியைக் கொட்டிப் பரப்புங்கள். 18 க்கு 30 செ.மீ. இடத்துக்குள் ஒதுக்கிவிட்டு, விளிம்பைப் பென்சிலால் சுற்றி வாருங்கள். கையால் போட்டால் தன்னையறியாமல் வரும் ஒழுங்கு இதில் வராது. சிதறிய நாலைந்து அரிசியைக் குட்டித் தீவுகளாக்கிக்கொள்ளலாம்.

புதியவர்களின் கரை பெரும்பாலும் முறுக்குப் பிழிந்தது போல, சுற்றிலும் ஒரே மாதிரி நெளியும். உண்மைக் கரை அப்படி இருக்காது. சோழமண்டலக் கரை நெடுந்தூரம் மணல் கட்டி நேராகப் போகிறது. கேரளக் கரையும் நேர்தான், ஆனால் உள்ளே உப்பங்கழிகள் நீள்கின்றன. நார்வேயின் கரை கிழிந்த துணி மாதிரி இருப்பதற்குக் காரணம் பனிப்பாறைகள் குடைந்த பள்ளத்தாக்குகளில் கடல் ஏறியது. வெப்பமண்டலத் தீவுக்கு அந்தக் கிழிசலைக் கொடுத்தால் பொருந்தாது. நீலாரத்தின் மேற்குக் கரையை மலை நெருங்குவதால் அங்கே பாறை முனைகளும் சிறு குடாக்களும், கிழக்கே ஆறுகள் மண் கொண்டுவந்து கொட்டுவதால் மழுங்கிய மணற்கரையும் என்று வைத்துக்கொள்வோம். அரிசி தந்த கோட்டை இதற்கேற்பத் திருத்துங்கள்.

மலையும் காற்றும்

முதல் டிரேசிங் தாளை மேலே வைத்து, நான்கு மூலையிலும் கூட்டல் குறி போடுங்கள். அடித்தாளிலும் அதே இடத்தில் போட்டால் எத்தனை முறை எடுத்து வைத்தாலும் நகராது. இந்தத் தாள் உயரத்துக்கு மட்டும்.

நீலாரம் வடக்கே 8 முதல் 11 பாகை அட்சரேகைக்குள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு பாகை சுமார் 111 கி.மீ. என்பதால் 300 கி.மீ. தீவுக்கு 2.7 பாகை வேண்டும், கணக்குச் சரி. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்தும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கிலிருந்தும் காற்று வரும். தாளின் மூலையில் இரண்டு அம்புக்குறிகள் போட்டு மாதத்தை எழுதி வையுங்கள். இனி எல்லாம் இந்த அம்புகளுக்குக் கட்டுப்பட்டது.

மேற்குக் கரையிலிருந்து 5 செ.மீ. உள்ளே, வடக்கு தெற்காக 20 செ.மீ. நீளத்துக்கு ஒரு முதுகுக்கோடு. இதுதான் மலைத்தொடர், பெயர் நெடுவரை. உயர்ந்த சிகரம் 2,050 மீட்டர். 200 மீட்டருக்கு ஒரு சம உயரக் கோடு, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு, போட்டால் பத்துக் கோடுகள். மேற்குச் சரிவு செங்குத்தாக இருக்கட்டும்: பத்தும் 2 செ.மீ. அகலத்துக்குள், 2 மி.மீ. இடைவெளியில். கிழக்கே 5 செ.மீ. அகலத்துக்குள், 5 மி.மீ. இடைவெளியில். கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. பள்ளத்தாக்கைக் கடக்கும்போது கோட்டின் முனை ஆற்றின் மேல்பக்கம், அதாவது மலையை நோக்கிக் கூராக வளைய வேண்டும். இதைத் தலைகீழாகப் போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அப்படிப் போட்டால் ஆறு பள்ளத்தில் ஓடாமல் வரப்பின் மேல் ஓடும்.

மலைத்தொடரில் ஓரிடத்தில் கணவாய் விடுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கி.மீ. அகலம், உங்கள் அளவையில் 3 செ.மீ. நீலாரத்துக்கு 1.5 செ.மீ. போதும். இந்த ஒரு இடைவெளி பின்னால் சாலையை, ரயிலை, சந்தையை, சண்டையை எல்லாம் முடிவு செய்யப்போகிறது. காற்றும் இதன் வழியாகத்தான் பீறிட்டு வரும். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் முப்பந்தலில் காற்றாலைகள் மொய்ப்பதற்கு அதுதான் காரணம்.

மழை இப்போது தானாக வந்துவிடும். தென்மேற்குக் காற்று மலையில் மோதி மேலேறிக் குளிர்வதால் மேற்குச் சரிவில் கொட்டும். தாண்டிப் போகும் காற்று உலர்ந்தது. கிழக்கு அடிவாரம் மழை மறைவு. வால்பாறைப் பக்கம் சின்னக்கல்லாற்றில் கொட்டித் தீர்க்க, அதே மலைக்குக் கிழக்கே தாராபுரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது போல. கிழக்குக் கரைக்கு மட்டும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை வரும். ஆகவே மேற்கே மழைக்காடு, அடிவாரத்துக்குக் கிழக்கே முள்ளுக்காடும் மேய்ச்சலும், கடலோரம் மறுபடி பச்சை. உயரே போகப் போக 1,000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். கரையில் 28 என்றால் 2,000 மீட்டரில் 15. அங்கே தேயிலை வரும், தென்னை வராது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நிலத்தைப் பிரித்துப் பழகியவர்களுக்கு இந்தப் பட்டைகளைப் போட அதிக நேரம் ஆகாது. பாலையைத் தனியாகத் தேட வேண்டாம்; மழை மறைவில் கோடையில் தானே உண்டாகும்.

ஆறுகள்

பொறுமை வேண்டிய இடம் இது. இரண்டாவது டிரேசிங் தாளை எடுங்கள். மலை முதுகின் உயரமான புள்ளிகளை இணைத்து ஒரு விட்டுவிட்ட கோடு போடுங்கள். இது நீர்ப்பிரி மேடு. இதற்கு மேற்கே விழும் துளி மேற்கே, கிழக்கே விழும் துளி கிழக்கே. எந்த ஆறும் இந்தக் கோட்டைத் தாண்டாது.

மூலம் கடலுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது முக்கியமில்லை, எந்தச் சரிவில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். காவிரி பிறக்கும் தலைக்காவிரியிலிருந்து அரபிக்கடல் 100 கி.மீ.க்குள்தான். ஆனால் பிறந்த இடம் கிழக்குச் சரிவு. அதனால் பக்கத்துக் கடலை விட்டுவிட்டு 800 கி.மீ. நடந்து பூம்புகாரில் விழுகிறது. உங்கள் நாட்டிலும் இப்படி ஓர் ஆறு இருந்தால் பார்ப்பவர் கண் அதிலேயே நிற்கும்.

கீழிருந்து மேலாக வரையுங்கள். முகத்துவாரத்தில் தொடங்கி மலையை நோக்கிப் போனால் கிளைகள் இயல்பாகப் பிரிந்து வரும். துணையாறு சேருமிடம் உண்டிகோல் கவட்டை போல இருக்க வேண்டும். பிடி கடல் பக்கம், இரண்டு கொம்பும் மலைப் பக்கம். செங்குத்தாக வந்து முட்டும் துணையாறு வாய்க்கால் மாதிரி தோன்றும். மலையில் கோடு நேராக, கொஞ்சம் முறிந்து முறிந்து. சமவெளியில் பாம்பு போல வளைந்து. தடிமனும் கூடிக்கொண்டே போக வேண்டும்: மூலத்தில் 0.1, இரண்டு துணையாறு சேர்ந்தபின் 0.3, கடலருகே இரட்டைக் கோடு.

நீலாரத்தின் மேற்கே 40, 50 கி.மீ. ஆறுகள் எட்டோ பத்தோ போடலாம். குட்டை, வேகம், ஆண்டு முழுதும் தண்ணீர். கிழக்கே மூன்றே மூன்று. அவற்றில் பெரியதான நெட்டாறு வளைவுகளோடு 150 கி.மீ. வரும். இது சின்ன ஆறா என்று தயங்க வேண்டாம். தாமிரபரணி முழுசும் 130 கி.மீ.க்குக் குறைவுதான், இரண்டு பருவமழையும் கிடைப்பதால் வற்றாமல் ஒரு சீமைக்கே சோறு போடுகிறது. மற்ற இரண்டு கிழக்கு ஆறுகளும் மழை மறைவில் தொடங்குவதால் கோடையில் வெறும் மணல். இந்திய அளவைத் துறையின் தலப்படங்களில், அதாவது மேடு பள்ளம், ஆறு, ஊர் எல்லாம் காட்டும் விவர வரைபடங்களில், வறண்ட ஆற்றைக் கறுப்பிலும் நீர் உள்ளதை நீலத்திலும் காட்டுவார்கள். அந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஆறு கீழே போகப் போகச் சேரும், பிரியாது. பிரிவது டெல்டாவில் மட்டும். முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து நடுவே திருவரங்கத்தைத் தீவாக்குவது சமவெளி தட்டையாகத் தொடங்கும் இடத்தில் என்பதைக் கவனியுங்கள். விதிவிலக்குகளும் உண்டு. வெனிசுவேலாவில் காசிகியாரே என்ற ஆறு ஒரினோகோவிலிருந்து பிரிந்து அமேசான் பக்கம் போய்விடுகிறது. மலை எழும்புவதற்கு முன்பே இருந்த பிரம்மபுத்திரா, மலையையே அறுத்துக்கொண்டு வருகிறது. ஒரு நாட்டுக்கு இப்படி ஒரு விந்தை போதும். இரண்டாவதைப் போட்டால் தவறு என்றுதான் நினைப்பார்கள். ஏரிக்கும் அதே ஒழுங்கு: எத்தனை ஆறு உள்ளே வந்தாலும் வெளியே போவது ஒன்றுதான். வெளியே வழியே இல்லாத ஏரி உப்பாகிவிடும்.

தண்ணீர்க் கணக்கில் புலிகளும் வழுக்கியிருக்கிறார்கள். வங்காளத்தில் சர்வேயர் ஜெனரலாக இருந்த ஜேம்ஸ் ரென்னல், 1798-ல் மேற்கு ஆப்பிரிக்க வரைபடத்தில் காங் என்ற மலைத்தொடரைப் போட்டார். நைஜர் ஆறு தெற்கே கடலுக்குத் திரும்பாமல் கிழக்கே போகிறதென்றால் நடுவே மலை இருந்தாக வேண்டும் என்பது அவர் கணக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க வந்த வரைபடங்களில் அந்த மலை நின்றது. 1880-களின் இறுதியில் ஒரு பிரெஞ்சு அதிகாரி நேரில் போய்ப் பார்த்தபோது அங்கே மலையே இல்லை. நிஜ நாட்டில் அது பிழை. கற்பனை நாட்டில் அதே கணக்குதான் உங்கள் தொழில்.

மழை மறைவில் கண்மாய்

ஆறு வற்றும் சீமையில் மக்கள் எப்படி இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு வரைபடத்தில் பதில் வேண்டும். கிணறு, அணை, கண்மாய் ஏதாவது ஒன்று. கண்மாயைப் போடுபவர்கள் வட்டமாக ஒரு நீலப்பொட்டு வைத்துவிடுகிறார்கள். கண்மாய் வட்டமாக இருக்காது. சரிவில் வழியும் நீரை மறித்துக் கட்டிய கரை அது. ஆகவே தாழ்ந்த பக்கம் மட்டும் கரை, அதுவும் பிறை போல வளைந்து, இரண்டு கொம்பும் மேட்டைப் பார்த்தபடி. மேட்டுப் பக்கத்துக்குக் கரையே கிடையாது, நீர் தேங்கும் அளவுக்கு ஏறி இறங்கும். 2 கி.மீ. கரை உங்கள் தாளில் 2 மி.மீ.தான். 0.3 பேனாவால் நகக்கீறல் போல ஒரு வளைவு போட்டு, உட்புறம் நீலம் தொட்டால் முடிந்தது. நிலம் கிழக்கே சரிந்தால் எல்லாக் கீறலும் மேற்கே வாய் திறந்திருக்கும்.

ஒரு கண்மாயின் மிச்ச நீர் கலுங்கு என்ற வடிகால் வழியாக அடுத்ததற்குப் போகும். எனவே தனித்தனியாகச் சிதறாமல், நான்கைந்தை மெல்லிய கோட்டால் மாலை போலக் கோர்த்து வரையுங்கள். வயல் கரைக்குக் கீழ்ப்பக்கம். ஆறே கடைசியில் கண்மாயில் முடியலாம். வைகையின் நீர் பெரும்பாலும் கடலைப் பார்க்காமல் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது.

ஊர்கள்

மூன்றாவது டிரேசிங் தாள். ஊர் தோன்றுவதற்குக் காரணம் இருக்கும் இடங்களை மட்டும் முதலில் புள்ளியிடுங்கள்: இரண்டு ஆறு கூடும் இடம், ஆற்றைக் கால்நடையாகக் கடக்க முடிந்த துறை, கணவாயின் இரண்டு வாய், முகத்துவாரம், மலையும் சமவெளியும் சந்தித்துப் பொருள் மாற்றும் அடிவாரம். நீலாரத்தில் இப்படி எண்ணினால் இருபது இருபத்தைந்து இடம் தேறும். மேற்கே பாறைக்குடாவில் ஆழமான துறைமுகம் கிடைக்கும். கிழக்கே மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைபடும் என்பதால் அங்கே உள்ள துறைமுகம் பழைய புகழோடு தூங்கிக்கொண்டிருக்கலாம். தலைநகரம் நெட்டாற்றில் துணையாறு கூடும் கூடலடி.

மக்கள்தொகைக்கு ஒரு கணக்கு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சதுர கி.மீ.க்கு 555 பேர். நீலாரத்துக்கு அதில் பாதி, 275 என்று வைத்தால் 42,000 சதுர கி.மீ.க்கு சுமார் 1 கோடியே 15 லட்சம். பெரிய நகரம் 20 லட்சம் என்றால் இரண்டாவது அதில் ஏறக்குறைய பாதி, மூன்றாவது மூன்றில் ஒன்று. எல்லா நாட்டிலும் அச்சாக இப்படி அமையாது, ஆனாலும் ஐந்து நகரமும் ஒரே அளவில் இருப்பதைவிட இது இயல்பு. குறியீடு நான்கு வகைக்கு மேல் வேண்டாம்.

சாலையும் ரயிலும்

சாலை ஊரிலிருந்து ஊருக்குப் போகும். ஆனால் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டு, சதுப்பைச் சுற்றிக்கொண்டு, துறை உள்ள இடத்தில் ஆற்றைக் கடந்து போகும். மலையில் ஏறும் சாலைக்குக் கொண்டை ஊசி வளைவுகள் வேண்டும். கொல்லிமலையில் 70 இருக்கின்றன. உங்கள் அளவையில் ஆறேழு நெளிவு காட்டினாலே புரிந்துவிடும்.

ரயில் இன்னும் சோம்பேறி. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு நேர்கோட்டில் 30 கி.மீ. கூட இல்லை. ரயில்பாதை 46 கி.மீ. சுற்றுகிறது. சுமார் 330 மீட்டரிலிருந்து 2,200 மீட்டருக்கு ஏற வேண்டியிருப்பதால், செங்குத்தான பகுதியில் 12-க்கு 1 என்ற ஏற்றத்தில் பற்சக்கரத் தண்டவாளம் வைத்திருக்கிறார்கள். நீலாரத்தின் முக்கிய ரயில் கணவாய் வழியாக மட்டும். முதுகுக்கோட்டைக் குறுக்கே வெட்டும் நேர் ரயில்பாதை போட்டால் நீண்ட சுரங்கம் வேண்டும், அதற்கான காசும் காலமும் அந்த நாட்டுக்கு இருக்க வேண்டும்.

தூரத்தைத் தையல் நூலால் அளக்கலாம். நூலை நனைத்துச் சாலை மேல் ஒட்டவைத்து, எடுத்து நீட்டி அளவுகோலில் வையுங்கள். மலைச்சாலைக்கு வந்த எண்ணை இரண்டால் பெருக்குங்கள். வரைபடத்தில் காட்டாத வளைவுகள் அதில் அடங்கும்.

உள்நாட்டு எல்லைகளுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். பழைய மாகாணங்கள் நீர்ப்பிரி மேட்டையும் ஆற்றையும் பிடித்துப் போகும். அலுவலகத்தில் உட்கார்ந்து பிரித்த மாவட்டங்கள் நேர்கோட்டில் போகும்.

பெயர்

ஏற்கனவே வழக்கில் உள்ள பின்னொட்டுகளே உங்களுக்கு நல்ல பாடம். பட்டினம் கடலோரம், பட்டி உள்நாடு. குறிச்சி மலைச்சார்பு, துறை ஆற்றங்கரை, பேட்டை சந்தை, பாளையம் படை தங்கியது, மங்கலம் அரசர் தானமாகக் கொடுத்தது. பெயரைப் படித்தாலே நிலம் தெரிகிறது. நாட்டின் மொழி தமிழாக இருக்க வேண்டியதில்லை. எந்த மொழியைப் புனைந்தாலும் இப்படி எட்டுப் பத்துப் பின்னொட்டுகளை முதலில் முடிவு செய்துவிட்டால் நூறு பெயர் ஒரு மாலையில் கிடைக்கும். நினைத்த நினைத்த ஒலியைச் சேர்த்துப் பெயர் வைத்தால் பத்தாவது ஊரிலேயே எல்லாம் மருந்துக்கடைப் பெயர் மாதிரி ஆகிவிடும்.

பெயரைத் தேய விடுங்கள். கோயம்புத்தூர் கோவையாகவும் நாகப்பட்டினம் நாகையாகவும் சுருங்குவது போல. அயலார் வாயில் தரங்கம்பாடி டிராங்கேபார் ஆனது போல. நீலாரம் முதலில் நீலவாரம், நீலச் சரிவு. கடலிலிருந்து வந்தவர்கள் கண்ணில் முதலில் பட்டது மேற்கு மலைச்சரிவு என்று இந்தப் பெயரிலேயே கதை இருக்கிறது. கிழக்குத் துறைமுகம் பழைய ஏட்டில் நெட்டாற்றுப்பட்டினம். பேருந்துப் பலகையில் நெட்டாம்பட்டினம்.

எழுதும்போது

இப்போது மூன்று டிரேசிங் தாளையும் நல்ல தாளுக்கு மாற்றுங்கள். ஜன்னல் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் 2எச் பென்சிலால் லேசாக. மை போடும்போது எழுத்துதான் முதலில். மலையும் மரமும் வரைந்த பிறகு பெயர் எழுத இடம் தேடினால், காட்டின் நடுவே சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைத் திட்டு விட வேண்டிவரும்.

தமிழ் எழுத்துக்கு வரைபடத்தில் சில தனித் தொல்லைகள் உண்டு. ‘கி’, ‘கீ’ மேலே ஏறும், ‘மு’, ‘கூ’ கீழே இறங்கும். ஆகவே ஆங்கில எழுத்துக்கு விடுவதைவிட வரியின் மேலும் கீழும் இடம் வேண்டும். ஆற்றுப் பெயரை ஆற்றுக்கோட்டிலிருந்து குறைந்தது 2 மி.மீ. தள்ளி எழுதுங்கள். ‘ணி’, ‘ழ’ போன்றவற்றின் சுழிகள் 2 மி.மீ. உயரத்தில் மையால் அடைந்துவிடும். சிறிய ஊருக்கும் 2.5 மி.மீ., 0.1 பேனா. நகரத்துக்கு 4 மி.மீ., தலைநகருக்கு 6. மலைத்தொடர் பெயரை நீட்டி எழுதும்போது எழுத்தைப் பிரிக்கும் இடம் தெரிய வேண்டும். நெடுவரை என்பது நெ, டு, வ, ரை என்று நான்கு அலகு. பெயரை 12 செ.மீ.க்கு நீட்டினால் அலகுக்கு 3 செ.மீ. கொம்பு ஓரிடத்திலும் ‘ந’ இன்னோரிடத்திலும் நின்றால் யாருக்கும் படிக்க வராது. நீர் தொடர்பான பெயர்களைச் சாய்த்தும் நிலப் பெயர்களை நேராகவும் எழுதுவது வழக்கம்.

பிறகு கரை 0.5, ஆறு, சாலை 0.3, கடைசியில் மலை நிழல். வெளிச்சம் தாளின் மேல் இடது மூலையிலிருந்து வருவதாக வைத்து, வலது கீழ்ச் சரிவில் கோடிழுங்கள். வடகோளத்தில் சூரியன் பெரும்பாலும் வடமேற்கில் நிற்பதில்லை என்று வாதிடலாம். ஆனால் நிழலை மேற்பக்கம் போட்டுப் பாருங்கள், மலையெல்லாம் பள்ளமாகத் தெரியும். மை காய 15 நிமிடம் விட்டுத்தான் ரப்பர்.

வண்ணத்தில் ஒரு எச்சரிக்கை. தாழ்நிலத்துக்குப் பச்சை, உயர்நிலத்துக்குப் பழுப்பு என்ற அட்லஸ் வழக்கத்தைப் பின்பற்றினால், மழை மறைவுப் பொட்டல் பச்சையாகிக் காடு என்று தோன்றும். உயரமா, தாவரமா, எதற்கு வண்ணம் என்பதை ஒன்றாக முடிவு செய்யுங்கள். தலப்படத்தில் பச்சை காடு, மஞ்சள் வயல். தேநீரில் நனைத்துப் பழசாக்கும் வித்தையைப் பலரும் செய்கிறார்கள். நல்ல வரைபடத்துக்கு அது தேவையில்லை, சுமாரான வரைபடத்தை அது காப்பாற்றுவதும் இல்லை.

கொடி, பணம்

கொடியை 6 க்கு 9 செ.மீ. அளவில் வரையுங்கள், 2:3 என்பது இந்தியா உட்படப் பல நாடுகளின் விகிதம். சுவிட்சர்லாந்து சதுரம், நேபாளம் இரட்டை முக்கோணம் என்று விதி மீறவும் வழி உண்டு. நிறம் மூன்று, மிஞ்சினால் நான்கு. வரைந்ததை 1 க்கு 1.5 செ.மீ.க்குச் சுருக்கி மறுபடி போட்டுப் பாருங்கள். சின்னம் கறையாகத் தெரிந்தால் எளிமையாக்க வேண்டும். காற்றில்லாமல் தொங்கும் கொடி எப்படி இருக்கும் என்று தாளை மடித்தும் பாருங்கள். நாட்டு வரைபடத்தையே கொடியில் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். சைப்ரஸும் கொசோவோவும் வைத்திருக்கின்றன. ஆனால் கரையோரத்து நெளிவுகளைத் தைப்பவர் பாடு திண்டாட்டம்.

நோட்டுக்கு நிஜ அளவு கைகொடுக்கும். இப்போதைய 10 ரூபாய் 63 க்கு 123 மி.மீ., 100 ரூபாய் 66 க்கு 142, 500 ரூபாய் 66 க்கு 150. மதிப்புக் கூடக் கூட நீளம் கூடுவது, பார்வையற்றவர் தடவி அறிவதற்கு உதவும். உங்கள் நாட்டு நோட்டில் வரைபடத்தில் உள்ளவற்றையே போடுங்கள்: ஒன்றில் கணவாய், ஒன்றில் கண்மாய்க் கலுங்கு.

கணினியில்

இதே வரிசை கணினிக்கும் பொருந்தும். டிரேசிங் தாளுக்குப் பதில் அடுக்குகள். இங்க்ஸ்கேப் கோடுகளுக்கு, கிரிட்டா அல்லது கிம்ப் வண்ணத்துக்கு, மூன்றும் இலவசம். ஏ3 அச்சுக்கு 300 டிபிஐ என்றால் 3508 க்கு 4961 பிக்சல். இதைத் தொடக்கத்திலேயே அமையுங்கள். வளைகோட்டில் தமிழ்ப் பெயரை ஏற்றினாலோ எழுத்து இடைவெளியைக் கூட்டினாலோ சில மென்பொருள்களில் கொம்பும் காலும் தனித்தனியாகத் தெறித்துவிடும். அப்போது அலகு அலகாகத் தனி எழுத்துப்பெட்டியில் வைத்து நகர்த்துவதுதான் வழி. பொத்தானை அழுத்தினால் நாடு தரும் தளங்களும் உண்டு. முதல் வரைபடத்துக்கு அவற்றை நாடினால் ஆறு ஏன் அங்கே போகிறது என்று உங்களுக்கே தெரியாது.

கடைசி வேலை, அளவை. மூலையில் 1:10,00,000 என்று எண்ணாக மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். ஜெராக்ஸ் கடையில் ஏ3-ஐ ஏ4-க்குச் சுருக்கினால் 71 சதவீதமாகிவிடும். அந்த எண் பொய்யாகி, உண்மையான அளவை ஏறக்குறைய 1:14,10,000 ஆகும். 5 செ.மீ. நீளத்தில் ஒரு பட்டை போட்டு, செ.மீ.க்கு ஒரு கோடிட்டு, 0, 10, 20, 30, 40, 50 கி.மீ. என்று எழுதுங்கள். படம் சுருங்கினால் பட்டையும் கூடவே சுருங்கும்.